காயடித்த சேவல்கள் சொன்னது

பத்து வருஷத்தில் என் மனைவியை ஐந்து வைத்தியர்களும் மூன்று டாக்டர்களும் பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. "உன் புருஷனையும் அழைத்துக்கொண்டு வா" என்று கடைசியாகப் பார்த்த டாக்டரைத் தவிர அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை எழுத உட்கார்ந்தபோது எனக்கு யார்மேல் அதிகக் கோபம் என்று யோசித்துப் பார்த்தேன். வைத்தியர்கள்மேலா, அப்பாமேலா, அம்மைமேலா, என்மேலா? பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

திருவனந்தபுரத்தில் மராமத்து இலாகாவில் நான் வரைபடக்காரன். பாலம், மதகு, சர்க்கார் கச்சேரிக் கட்டடம் எதுவானாலும் எஞ்சினியர் பென்சிலில் போட்டுக் கொடுத்ததை மெழுகுத்துணியில் மசியால் இழுத்துக் கொடுக்கவேண்டும். எங்களுக்குச் சொந்த ஊர் நாஞ்சில் நாட்டில் கோட்டாறு. அப்பா சின்ன வயதிலேயே சாலை பஜாரில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கப்பிள்ளையாக வந்து, பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒடுக்கமான மச்சு வீடு வாங்கினார். வீட்டில் அவர் சொன்னதுதான் நடக்கும். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போடவேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயதில் கல்யாணம். அவளுக்குப் பதினாறு. சுசீந்திரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி, ஏழு கிளாஸ் படித்தவள். மலையாளமும் நன்றாக வாசிப்பாள் என்பதால் தினமும் காலையில் பத்திரிகை வாசித்துக் காட்டும் வேலையை அப்பா அவளுக்குக் கொடுத்தார். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். "மருமவ வாசிச்சாத்தான் எனக்கு மண்டையில ஏறும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அவள்மேல் அவருக்கு உண்மையாகவே பிரியம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதினவன் ஆவேன்.

முதல் இரண்டு வருஷம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வருஷம் அம்மை கஷாயம் காய்ச்ச ஆரம்பித்தாள். நாகராஜாவுக்குப் பால், ஞாயிற்றுக்கிழமை பட்டினி, ஈரச்சேலையோடு பிரகாரம் சுற்றல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அவள் எல்லாவற்றையும் செய்தாள். பத்மநாபபுரத்துப் பக்கமிருந்து வந்த ஒரு வைத்தியர் கொடுத்த கறுப்பு உருண்டைகளை விழுங்கி அவள் வாய் முழுவதும் வெந்துபோயிற்று. உதடு தோலுரிந்தது. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. ஒரு மாதம் ஆறின கஞ்சியைத் தவிர வேறொன்றும் இறங்கவில்லை. அம்மை பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தாள். "பொறுத்துக்க மக்கா, ஒனக்கெ நல்லதுக்குத்தானே." என் அம்மையைப்போல ஒரு மாமியார் யாருக்கும் கிடைக்கமாட்டாள் என்று அப்போது நான் நினைத்தேன்.

பிறகு இங்கிலீஷ் வைத்தியம். மூன்று தடவை குளோரோபாரம் கொடுத்துக் கர்ப்பப்பையைச் சுரண்டினார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் வாந்தி எடுத்துக்கொண்டு கிடப்பாள். மூன்றாவது தடவை நான் அவளைக் குதிரைவண்டியில் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். "மெதுவா ஓட்டப்பா" என்று வண்டிக்காரனிடம் சொன்னேன். அவளுக்காக நான் செய்தது அவ்வளவுதான்.

எங்கள் அறைக்குள் இருந்த குறையும் அவளுக்குத் தெரியும். எனக்கு ஆசை எழுவதே அபூர்வம். எப்போதும் ஓர் அசதி. தாடி சரியாக முளைக்காது. அம்பட்டர் வாரத்துக்கு ஒரு நாள் வந்தாலே அதிகம். அவர் என் கன்னத்தைத் தடவிப் பார்த்துச் சிரிப்பார். நான் சைவச் சாப்பாட்டையும் கச்சேரி வேலையையும் காரணமாக நினைத்துக்கொண்டேன். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை.

பத்தாவது வருஷக் கடைசியில் ஒரு லேடி டாக்டரிடம் போனாள். கூடப் போனது அம்மை. அந்த அம்மாள் இவளைப் பரிசோதித்துவிட்டு, அம்மையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டாராம்: "உன் வீட்டுக்காரரை யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கல்ல."

"பத்து வருஷமாவா?"

அந்த டாக்டர் வேறொன்றும் கேட்காமல் பேனாவை எடுத்தாராம். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர் தைக்காட்டில் சொந்தமாகப் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறார், ஆண்களுக்கும் சோதனை செய்கிறார், அங்கே போகவேண்டும் என்று. என் மனைவி அந்தச் சீட்டை என் மசிப்பேனாப் பெட்டிக்குள் வைத்தாள். மறுநாள் கச்சேரியில் பெட்டியைத் திறந்தபோது பார்த்தேன். நாலாக மடித்து அடியில் போட்டுவிட்டேன். அது இரண்டு மாதம் அங்கேயே கிடந்தது. அவள் தினமும் என் முகத்தைப் பார்த்தாள். நான் தினமும் அந்தப் பெட்டியைத் திறந்து மூடினேன்.

அந்த இரண்டு மாதத்துக்குள்தான் அப்பா எனக்கு இரண்டாவது பெண் பார்த்தார்.

முதலில் அவளிடம்தான் சொன்னார், காலையில் பத்திரிகை வாசித்து முடித்ததும். "மக்களே, நீ இந்த வீட்டுக்கு மூத்தவளா எப்பவும் இருப்பே. ஒனக்கெ எடத்த யாரும் எடுக்கமாட்டா. வம்சம்னு ஒண்ணு வேணும்லா?" அவள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "உங்க இஷ்டம் மாமா" என்றாள். நான் பக்கத்து அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது. பொத்தானைப் போட்டு முடித்துக் கச்சேரிக்குப் போனேன்.

தோவாளைப் பக்கத்தில் பெண் வீடு. அப்பாவும் நானும் பஸ்ஸில் போனோம். பெண் ஒரு தட்டில் முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டு வந்து வைத்தாள். பதினேழு வயது என்றார்கள். தட்டை வைக்கும்போது அவள் வலது கைவிரலில் மசிக்கறை தெரிந்தது. என் விரலிலும் எப்போதும் அதே இடத்தில் அதே கறை இருக்கும். அன்று காலைவரை ஏதோ எழுதிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் கறையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில் தூங்கிவிட்டார். நெய்யாற்றின்கரை தாண்டும்போது எனக்கு அந்தக் கறுப்பு உருண்டை ஞாபகம் வந்தது. இவளுக்கும் மூன்றாவது வருஷம் கஷாயம் காய்ச்சுவார்கள். ஈரச்சேலையோடு சுற்றச் சொல்வார்கள். பத்துவருஷம் கழித்து இந்தப் பெண்ணும் வண்டியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தால்? அப்போது எனக்கு மூன்றாவதாக யாரைப் பார்ப்பார்கள்? வெட்கம், பயம் எல்லாம் இருந்தன. ஆனால் அதற்குமேல் என்னால் அந்தச் சீட்டை மடித்து வைத்திருக்க முடியவில்லை.

தைக்காட்டில் ஒரு வாடகை வீட்டின் பின்பகுதிதான் பரிசோதனைக்கூடம். டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். மலையாளி. என்னோடு தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். என் உடம்பைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "முண்டிநீரு வந்நிட்டுண்டோ? வலிய பையனான பிறகு?"

பொன்னுக்கு வீங்கியைத்தான் கேட்டார். வந்திருக்கிறது. எனக்குப் பத்தொன்பது வயதில். கன்னம் இரண்டும் வீங்கி, காய்ச்சல் இறங்கும் நேரத்தில் கீழேயும் இரண்டு பக்கமும் வீங்கிவிட்டது. பதினைந்து நாள் காலை அகட்டிக்கொண்டு படுத்திருந்தேன். கோட்டாற்றிலிருந்து அப்பா ஒரு வைத்தியரை வரவழைத்தார். பற்றுப் போட்டார்கள். வலி நின்றது. நான் அதை மறந்தே போனேன்.

"அதுதன்னெ" என்றார் டாக்டர். "ரெண்டும் சுருங்கிப்போயி. யாரும் சொல்லலியா?"

"யாரும் சொல்லவில்லை."

விந்தைப் பிடித்துக் கொண்டுவர அவர் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியைக் கொடுத்தார். மறுநாள் அதைக் கொண்டுபோனேன். அவர் மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துவிட்டு, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. அதில் ஒன்றும் அசையவில்லை. "உயிர் ஒண்ணுபோலும் இல்ல" என்றார். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் அசதி, தாடி, மற்ற விஷயங்களைக் கேட்டுவிட்டு, ஆண் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும் என்றார். அந்த ஹார்மோன் ரத்தத்தில் ஓடி, கடைசியில் மூத்திரத்தில் இறங்கும். குறைவாக இருந்தால் ஊசி போட்டு உடம்புக்குத் தெம்பு கொடுக்கலாம். பிள்ளை மட்டும் வராது. அதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

அதற்காக இரண்டு நாள் மூத்திரம் முழுவதையும், ஒரு சொட்டு விடாமல், பழுப்புநிறப் பெரிய கண்ணாடி ஜாடிகளில் பிடித்துக் கொடுக்கவேண்டும். கெடாமலிருக்க அடியில் ஏதோ மருந்து ஊற்றியிருந்தார். நான் ஜாடியைத் துணிப்பையில் போட்டுக் கச்சேரிக்கும் தூக்கிக்கொண்டு போனேன். பக்கத்து மேஜைக்காரர், "என்ன ஓய், வீட்டிலேருந்து சம்பார மோரா?" என்று கேட்டார். வீட்டில் அப்பா கேட்டதற்கு மசி என்றேன். ஜாடிகளை மச்சிலிருந்து இறக்கிக் கொடுத்தது என் மனைவி. சீட்டை எடுத்துக்கொண்டு போனேன் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. ஜாடியைப் பார்த்ததும் அவளே புரிந்துகொண்டாள். ஜாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "மூடிய இறுக்கிப் பிடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த மூத்திரத்தை அமிலம் விட்டுக் காய்ச்சி, வேறொரு திரவத்தால் பிரித்து, கடைசியில் ஒரு விரற்கடை எண்ணெயாக ஆக்கினார்கள். பிறகுதான் சேவல்கள் வந்தன. கூடத்தின் பின்முற்றத்தில் கம்பிக் கூண்டுகளில் எட்டுச் சேவல்கள் இருந்தன. எல்லாம் காயடித்தவை. காயடித்த சேவலுக்குக் கொண்டை வளராது; வெளுத்து, தொங்கிப்போய், பெட்டைக் கோழியின் கொண்டைபோல இருக்கும். ஆண் ஹார்மோன் உள்ள எண்ணெயைத் தினமும் அந்தக் கொண்டையில் தடவினால் அது சிவந்து விறைத்து வளரும். எவ்வளவு வளர்கிறது என்று அளந்தால் எண்ணெயில் எவ்வளவு ஹார்மோன் என்று தெரிந்துவிடும்.

சைவக் குடும்பத்தில் பிறந்து கோழியைத் தொட்டே பழக்கமில்லாத நான், என் ஆண்மையைக் கேட்டுக்கொண்டு எட்டுச் சேவல்களுக்கு முன்னால் நின்றேன்.

நாலு சேவலுக்கு என் எண்ணெய். மற்ற நாலுக்கு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஆரோக்கியமான ஓர் ஆணின் எண்ணெய். அந்த ஆண் யார் என்று கூடத்தில் வேலை பார்த்த உதவியாளரே சொன்னார். ஐம்பது வயது, மெலிந்த மனுஷர், பாறசாலைக்காரர். சேவல்களுக்குத் தீனி வைத்துக்கொண்டே, "அது எனக்கெ மூத்திரமாக்கும் சார்" என்றார். "டாக்டரு எப்பவும் எனக்கெதத்தான் எடுப்பாரு. அஞ்சு பிள்ள எனக்கு."

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. தன் வேலையைப் பற்றி ஒரு மனுஷர் பெருமைப்பட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்த நிமிஷம் அவர் கழுத்தைப் பிடிக்கலாம்போல எனக்குக் கை துறுதுறுத்தது.

தினமும் கச்சேரி விட்டதும் அங்கே போனேன். யாரும் வரச் சொல்லவில்லை. மூன்றாவது நாளே வித்தியாசம் தெரிந்துவிட்டது. அவருடைய நாலு சேவல்களின் கொண்டையும் மிளகாய்ப்பழம்போலச் சிவந்து நிமிர்ந்தன. ஒன்று கூவக்கூட முயற்சி செய்தது. என்னுடைய நாலும் வெளுத்த தோலைத் தலையில் தொங்கவிட்டுக்கொண்டு தானியம் பொறுக்கிக்கொண்டிருந்தன. டாக்டர் ஒரு டிவைடரால் கொண்டையின் நீளத்தையும் உயரத்தையும் அளந்து நோட்டில் எழுதுவார். நான் வேலையில் பயன்படுத்துகிற அதே டிவைடர்.

கடைசி நாளன்று அவர் நோட்டை என் பக்கம் தள்ளினார். "நிங்கள் டிராப்ட்ஸ்மேன் அல்லே? கிராஃப் கோடு நிங்களே வரைஞ்சு தருமோ? எனக்குக் கை நேரா நிக்காது."

அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நான் உட்கார்ந்து வரைந்தேன். உதவியாளருடைய கோடு நாளுக்கு நாள் மேலே ஏறிற்று. என்னுடையது தாளின் அடியிலேயே படுத்திருந்தது. பதினைந்து வருஷம் நான் எத்தனையோ கோடு இழுத்திருக்கிறேன். அன்றுபோல நேராக ஒரு கோடும் விழுந்ததில்லை. டாக்டர் இங்கிலீஷில் ஓர் அறிக்கை எழுதி, அந்தத் தாளைப் பின்னால் குத்திக் கொடுத்தார். "பாரியாளோடு பறயணும். ஆ பெண்ணு ஒரு குற்றமும் செய்திட்டில்ல" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் அறிக்கையை வாங்கி, தாளைத் திருப்பி, அந்த இரண்டு கோடுகளையும் பார்த்தாள். "இதில எது நீங்க?" என்று கேட்டாள். காட்டினேன். அவள் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு விளக்கைத் துடைக்கப் போய்விட்டாள். அழவில்லை. எனக்கு அவள் அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த வாரமே தோவாளைப் பெண்ணின் அப்பா நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்தார். கூடத்தில் அப்பா, அம்மை, அவர். நடுவில் வெற்றிலைத் தட்டு. அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"இந்தக் கல்யாணம் வேண்டாம். கொறை அவளுக்கு இல்ல. எனக்குத்தான். பரிசோதிச்சுப் பாத்தாச்சு."

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா பஞ்சாங்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எடே, உள்ள போ" என்றார்.

நான் அறிக்கையைத் தட்டுமேல் வைத்தேன். சோதனை எப்படி நடந்தது என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

"கோழி சொல்லிச்சாக்கும்! கேட்டேரா வே? இவன் மோண்ட மூத்திரத்தக் கோழித் தலையில தேச்சு, அது வம்சம் இல்லேன்னு சொல்லிச்சாம்."

பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. "பொன்னுக்கு வீங்கி வந்ததா ஒமக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

"பத்தொன்பது வயசுல. ரெண்டு பக்கமும் வீங்கிச்சு."

"எனக்கெ சித்தப்பா மகனுக்கும் அப்படித்தான்." அவர் எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். அப்பாவிடம், "இது ஒமக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சுக்கிட்டா எங்க வீட்டுல வந்து உக்காந்தேரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார்.

அதுவரை எனக்கு அப்படி ஒரு எண்ணமே வரவில்லை. சத்தியமாக வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் ஒரு நிமிஷத்தில் கேட்டதை நான் கேட்காமல் இருந்திருக்கிறேன். அப்போது கேட்டேன்.

"அப்பா, அந்தக் கோட்டாத்து வைத்தியரு ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?"

அவர் பஞ்சாங்கத்தை மூடினார். "வைத்தியன் ஆயிரம் சொல்லுவான்."

"என்ன சொன்னாரு?"

"பிள்ள பாக்கியம் செரமம்ன்னாரு. இல்லவே இல்லேன்னா சொன்னாரு? செரமம்ன்னுதான் சொன்னாரு. அதுக்காவ ஒன்னைய மூலையில உக்கார வைக்கச் சொல்லுதியா? ஊரெல்லாம் தமுக்கடிக்கச் சொல்லுதியா?"

அம்மை அழ ஆரம்பித்தாள். "கல்யாணம் ஆனா எல்லாம் செரியாயிரும்னு நெனச்சோம் மக்கா. ஒன்னைய யாரும் ஒரு சொல்லு சொல்லிரக்கூடாதுன்னுதான்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுவதும் ஞாபகமில்லை. அப்பாவை மரியாதை குறைத்து "நீரு" என்று சொன்னது ஞாபகமிருக்கிறது. வெற்றிலைத் தட்டைக் காலால் தள்ளியது ஞாபகமிருக்கிறது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அப்பா ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் வெறியேற்றியது.

அப்போது என் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நேராக அம்மைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாமி, அந்த உருண்டையத் தின்னு எனக்கெ வாய் வெந்துச்சில்லா. ஒரு மாசம் நீங்க பக்கத்துல இருந்து விசிறினீங்க. அப்பமும் ஒங்களுக்குத் தெரியுமா?"

அம்மையின் அழுகை நின்றுவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"தெரியுமான்னு கேக்கேன்."

அம்மை தலையை ஆட்டினாள். தெரியும் என்று.

என் மனைவி மச்சுக்குப் போய்த் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே போனேன். அப்பாவைப் பற்றி, அம்மையைப் பற்றி, நடந்த அநியாயத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே நின்றேன். அவள் ஒரு சேலையை மடித்துக்கொண்டே கேட்டாள்:

"நீங்க எதுக்கு இப்பம் இந்தத் துள்ளு துள்ளுதிய?"

"எதுக்கா? அவங்க செய்தது ஒனக்கு..."

"அவங்க எனக்குச் செய்தது எனக்குத் தெரியும். என்னைய மூணு தடவ ஆஸ்பத்திரி மேசையில படுக்கப் போட்டப்பம் ஒங்க கோவம் எங்க போயிருந்துச்சு? மாமா எங்கிட்ட ரெண்டாங் கல்யாணத்தப் பத்திச் சொன்னப்பம் அடுத்த ரூம்புல நீங்க நின்னியளா இல்லியா? ரெண்டு மாசம் அந்தச் சீட்டு பெட்டியில கெடந்துச்சே, அது யாரு போட்டு வச்சது? அவங்க ஒங்களையும் ஏமாத்திட்டாங்கன்னு தெரிஞ்ச பிறகுல்லா ஒங்களுக்குக் கோவம் வருது."

நான் கீழே போய், தள்ளிவிட்ட வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்தேன்.

அவள் மறுநாள் காலை பஸ்ஸில் சுசீந்திரத்துக்குப் போய்விட்டாள். நான் அந்த வாரமே வீட்டை விட்டு வெளியேறி, பூஜப்புரையில் ஓட்டுவீடு ஒன்று பிடித்தேன். ஹோட்டலில் சாப்பிட்டேன். அவளுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் நான் மாதம் ஒரு தடவை அவள் அண்ணன் வீட்டுக்குப் போவேன். அவள் காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் அண்ணன் என்னோடு மழையைப் பற்றியும் வயலைப் பற்றியும் பேசுவார். நான் எழுந்து வருவேன்.

ஒன்பதாவது மாதம் அவளே வந்தாள், ஒரு டிரங்குப் பெட்டியோடு. வாசலில் நின்றுகொண்டே சொன்னாள்: "பழவங்காடி வீட்டுக்கு நான் வரமாட்டேன். விசேஷத்துக்கும் வரமாட்டேன், சாவுக்கும் வரமாட்டேன். இனிமே ஒரு டாக்டரும் என்னைய தொடக்கூடாது. சம்மதம்னா பெட்டிய உள்ள எடுத்து வையுங்க." நான் எடுத்து வைத்தேன். அவள் பக்கத்துப் பெண்பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகச் சேர்ந்தாள்.

அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

டாக்டர் ஊசி போட்டார். சீமையிலிருந்து மருந்து வந்துகொண்டிருந்தவரை போட்டார். யுத்தம் முற்றியபிறகு மருந்து வரவில்லை. அசதி கொஞ்சம் குறைந்தது. தாடி முளைத்தது. சொந்தக்காரர்கள் அந்தத் தாடியைப் பார்த்துவிட்டு, "இனி என்ன, நல்ல சேதி வரவேண்டியதுதானே" என்று மறுபடியும் அவளிடம்தான் போய்க் கேட்டார்கள். கேட்டவர்களில் படித்தவர்களும் உண்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒருத்தரோடு பேச்சுவார்த்தையை நிறுத்தினேன். அவருக்குக் காரணமே விளங்கவில்லை.

அப்பா இறந்தபோது கொள்ளி வைத்தேன். அவள் சொன்னபடியே வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் ஏசினார்கள். தன் கடைசி நாட்களில் பத்திரிகை வாசிக்க ஆளில்லாமல் அவர் கஷ்டப்பட்டார் என்று அம்மை சொன்னாள். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று முயற்சி செய்தேன், வரவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து சாலை பஜார்ப் பக்கம் ஒரு கல்யாணம், என் பக்கத்துச் சொந்தம். பழவங்காடி வீட்டு விசேஷம் இல்லை என்பதால் நாங்கள் இருவருமே போயிருந்தோம். ஆண்கள் பந்தியில் நான் உட்கார்ந்திருந்தேன். கூடத்தின் மறுபக்கத்தில் பெண்கள் பந்தி. எனக்கு எதிர்வரிசையில் இருந்த ஒருவர் தன் பக்கத்திலிருந்தவரிடம், நான் இருப்பதைக் கவனிக்காமல், பெண்கள் பந்தியைக் காட்டி, "அன்னா இருக்கால்லா, மலட்டு வயிறு. அதுக்காகவே அவன் அப்பன் வீட்ட விட்டே போனவன், பாவம்" என்றார்.

நான் இலையை விட்டு எழுந்தேன். "வே, மலடு நான்தான். அவ இல்ல. கோட்டாத்து வைத்தியனும் சொன்னான், டாக்டரும் சொன்னாரு. எனக்கெ அப்பாவுக்குத் தெரியும். இப்பம் ஒமக்கும் தெரியும்" என்றேன்.

யாரோ பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு ரசம் கேட்டார்கள். பேசினவர் தலையைக் குனிந்து பருப்பைப் பிசைந்தார். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து இழுத்து, "இரும், இரும், சாப்பாட்டு எலையில என்ன பேச்சு?" என்றார். ஐந்து நிமிஷத்தில் நான் சொன்னதே நடக்காததுபோலப் பேச்சு மாப்பிள்ளையின் உத்தியோகத்துக்குப் போய்விட்டது.

நாங்கள் இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். கிள்ளியாற்றுப் பாலம் வரை அவள் எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள். நான் சபையில் அவளைக் கூச்சப்பட வைத்துவிட்டேனோ என்று எனக்குப் பயம்.

"கேட்டுச்சா ஒனக்கு?" என்றேன்.

"பாதிதான் கேட்டுச்சு" என்றாள். "பொம்பளைங்க பந்தி தள்ளியில்லா இருந்துச்சு. நீங்க இன்னும் கொஞ்சம் ஒரக்கச் சொல்லியிருக்கலாம்."